வண்டைப் புரட்டிப் பார்

பாளையங்கோட்டை

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதமும், பின்னாலேயே கைபேசியில் நீ அனுப்பிய படங்களும் வந்து சேர்ந்தன. பேத்திக்குக் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் எங்கள் இருவருக்கும் மகிழ்ச்சி. நேரில் வர முடியாமல் போனதற்குக் காரணம் உனக்குத் தெரியும். மீனாட்சிக்குக் கண் அறுவைச் சிகிச்சை முடிந்து கட்டுப் பிரித்தாகிவிட்டது. இப்போது வீட்டு மூலையில் இருக்கும் ஒட்டடை எல்லாம் அவள் கண்ணில் படுகிறது. அதனால் சிரமப்படுவது நான்தான்.

சரி, உன் எருக்குழிக்கு வருகிறேன். எருவை அள்ளும்போது கறுப்பு வண்டுகள் வருகின்றன, தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு என்றால் எல்லாவற்றையும் நசுக்கிவிடச் சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு. நீ அனுப்பிய படங்கள் அத்தனையும் வண்டின் முதுகு. உன்னைக் குறை சொல்லிப் பயனில்லை. எனக்குப் படம் அனுப்புகிறவர்கள் எல்லாரும் முதுகைத்தான் எடுக்கிறார்கள். முதுகுதான் பளபளக்கிறது, நிறமும் கொம்பும் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் எந்த வண்டு என்று கேட்டால் அதற்கான விடை பெரும்பாலும் அடியில் இருக்கிறது. நாற்பது ஆண்டு கல்லூரியில் விலங்கியல் கற்பித்த வாத்தியாருக்கு இதைச் சொல்வதில் அலுப்பே வருவதில்லை.

பூச்சிக்குத் தலை, மார்பு, வயிறு என்று மூன்று பகுதி. பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் செய்தது. ஒரு வண்டை மேலிருந்து பார்த்தாலும் மூன்று பகுதிதான் தெரியும். தலை, அதன் பின்னால் ஒரு கேடயத் தகடு, அதன் பின்னால் நடுவில் கோடு ஓடும் இரண்டு மூடிகள். கணக்குச் சரியாக வருகிறதே என்று தோன்றும். வராது. அந்தக் கேடயம் முழு மார்பு அல்ல. மார்பின் முதல் கணுவான முன்மார்பின் மேல்தகடு மட்டுமே. நடுமார்பு, பின்மார்பு, வயிறு எல்லாம் அந்த மூடிகளுக்குக் கீழே மறைந்திருக்கின்றன. மூடி என்று நான் சொல்வது இறுகிப் போன முன்னிறக்கைகளை. எலிட்ரா என்பார்கள். பறப்பதற்கான மெல்லிய பின்னிறக்கைகள் அதற்குள் மடிந்து கிடக்கும். மூடிகள் தொடங்கும் இடத்தில், கேடயத்தை ஒட்டி நடுவில் ஒரு சிறு முக்கோணத் தகடு தெரிந்தால் அது ஸ்குட்டெல்லம். நடுமார்பு மேற்பக்கத்தில் தலைகாட்டுவது அந்த முக்கோணத்தில் மட்டும்தான். வண்டைப் புரட்டினால்தான் மூன்று மார்புக் கணுக்களும், ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடிக் கால் பொருந்தியிருக்கும் குழிகளும், பின்னால் அடுக்கடுக்கான வயிற்றுத் தகடுகளும் வரிசையாகத் தெரியும்.

இனி உன் வண்டு. எருக்குழியில் கறுப்பாக, பருத்து, தலையில் கொம்போடு இருப்பதெல்லாம் தென்னையின் எதிரி அல்ல. சாணத்தைத் தின்று மண்ணுக்குள் இழுத்துச் செல்லும் சாண வண்டுகளிலும் கொம்புள்ளவை உண்டு. அவற்றில் சில காண்டாமிருக வண்டின் அளவுக்கே வளரும். அவற்றை நசுக்கினால் நஷ்டம் உனக்குத்தான். இரண்டும் ஒரே ஸ்காராப் குடும்பம். ஆகவே உணர்கொம்பைப் பார்த்துப் பிரிக்க முடியாது. இரண்டிலும் நுனியில் சில சிறு தகடுகள் சேர்ந்திருக்கும், மோப்பம் பிடிக்கும்போது விசிறியைப் போல் விரியும்.

வண்டை மல்லாத்து. நடுக்கால்கள் உடம்பில் சேரும் இடத்தைப் பார். காலின் முதல் கணுவுக்குக் கோக்ஸா என்று பெயர். இரண்டு நடுக்கால்களின் கோக்ஸாக்களும் ஒன்றை விட்டு ஒன்று நன்றாக விலகி, இடையில் அகலமான தகடு தெரிந்தால் அது சாண வண்டு. நெருங்கி இருந்தால் அடுத்த அடையாளத்துக்குப் போ. பின்னங்காலின் டிபியா, அதாவது முழங்காலுக்குக் கீழ் வரும் நீண்ட கணு, அதன் நுனியில் முள் இருக்கும். சாண வண்டுக்கு ஒரு முள், காண்டாமிருக வண்டுக்கு இரண்டு. பிறகு முகம். சாண வண்டின் நெற்றித் தகடு முன்னோக்கி அகன்று வாயை முழுக்க மூடியிருக்கும். தாடை வெளியே தெரியாது. சாணத்தின் ஈரச் சாற்றை வடிகட்டித் தின்பதற்கு முரட்டுத் தாடை எதற்கு? காண்டாமிருக வண்டின் தாடைகளோ நெற்றித் தகட்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கும். விரியாத குருத்தைத் துளைத்து நாரை மெல்லுகிற தாடைகள் அவை. பிறகு அந்த ஓலை விரியும்போது கத்திரியால் வெட்டிய மாதிரி முக்கோணமாக வெட்டு விழுந்திருப்பதை நீ தினமும் பார்க்கிறாய்.

உன் வண்டு காய்ந்து விறைத்திருந்தால் காலை இழுக்காதே, ஒடிந்துவிடும். மூடியுள்ள டப்பாவில் ஈரப் பஞ்சோடு ஓர் இரவு வைத்தால் மூட்டுகள் இளகும். கையில் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இருந்தால் போதும். நகைக் கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்வார்களே, அதுதான்.

காண்டாமிருக வண்டுதான் என்று உறுதியானால் அடுத்து ஆணா பெண்ணா என்பது. கொம்பை வைத்துச் சொல்லலாம் என்று உங்கள் ஊரில் எல்லாரும் நினைக்கிறார்கள். நல்ல உணவு கிடைத்து வளர்ந்த ஆணுக்குக் கொம்பு நீளம்தான். ஆனால் இளைத்த ஆணின் கொம்பும் பெண்ணின் கொம்பும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். வாலைப் பார். மூடிகளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வயிற்றின் கடைசித் தகடு பைஜிடியம். பெண்ணுக்கு அங்கே செம்பழுப்பு நிறத்தில் அடர்த்தியான மயிர்க் குஞ்சம் இருக்கும். ஆணுக்கு அந்த இடம் வழவழவென்று கிடக்கும். போன வாரம் ஒரு பெண் வண்டை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு மயிரும் தகட்டில் ஒரு நுண்ணிய புள்ளிக் குழியிலிருந்து கிளம்புகிறது. மயிர் உதிர்ந்த இடத்திலும் குழி இருந்தது. முன்னங்கால் டிபியாவின் வெளி விளிம்பில் பற்கள் உண்டு, தோண்டுவதற்கு. அந்த வண்டுக்கு அவை தேய்ந்து மொண்ணையாக இருந்தன. நிறையத் தோண்டிய வயதான வண்டு என்று அதிலிருந்தே ஊகிக்கலாம்.

பெண் வண்டு எருவிலும் மக்கிய தென்னைத் தண்டிலும் முட்டையிடும். கஜா புயலில் விழுந்த மரங்களை உங்கள் பக்கம் எத்தனை பேர் அப்புறப்படுத்தாமல் விட்டார்கள் என்பது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மக்கிய தண்டு கிடந்தால் எருக்குழியை மட்டும் கிளறிப் பலனில்லை. குழியில் வண்டின் புழுக்களைக் கொல்லும் பச்சை மஸ்கார்டைன் பூஞ்சாணத்தை இடு. குருத்தை ஒட்டிய மட்டை இடுக்குகளில் வேப்பங்கொட்டைத் தூளையும் மணலையும் கலந்து போடு. இந்த வண்டு துளைத்த காயத்தைத் தேடித்தான் சிவப்புக் கூன்வண்டு வருகிறது. அது வந்தால் மரம் போய்விடும்.

கூன்வண்டு என்றதும் அதன் மூக்கு நினைவுக்கு வருகிறது. மூக்கு என்று நாம் சொன்னாலும் அது நீண்ட தலைதான். தாடை அதன் நுனியில் இருக்கிறது, உணர்கொம்பு அதன் பக்கவாட்டில் முளைத்து முழங்கையாக மடங்குகிறது. இங்கே ஆண், பெண் அடையாளம் தலைகீழ். சிவப்புக் கூன்வண்டில் மயிர்க் குஞ்சம் ஆணுக்கு, அதுவும் மூக்கின் மேல். பெண்ணின் மூக்கு மெலிந்து, வழுவழுப்பாக, சற்று வளைந்து நீண்டிருக்கும். அதனால் குழி பறித்து உள்ளே முட்டையிடுகிறாள்.

சாண வண்டைப் பற்றி இன்னொன்று. உருண்டை உருட்டும் ஸ்காராபியஸ் இனத்தை என்றாவது பிடித்தால் முன்னங்காலில் பாதம் இல்லாமல் இருக்கும். ஒடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. பிறவியிலேயே கிடையாது. எகிப்தியர்கள் கல்லில் செதுக்கிக் கழுத்தில் கட்டிக்கொண்டது அந்த இனத்தைத்தான்.

பாதம் என்பது டார்சஸ். வண்டுகளை வகைப்படுத்துகிறவர்கள் அதன் கணுக்களை எண்ணி முன், நடு, பின் கால் வரிசையில் எழுதுவார்கள். உன் தென்னை வண்டுக்கு 5-5-5. மாவு டப்பாவில் ஓடும் செம்பழுப்பு மாவு வண்டுக்கு 5-5-4. பின்னங்காலில் ஒன்று குறைவு. அந்தக் குடும்பத்துக்கே அதுதான் முத்திரை. பொறிவண்டில் எண்ணினால் மூன்றுதான் கிடைக்கும், உண்மையில் நான்கு. மூன்றாவது கணு கடுகிலும் சிறிதாக இரண்டாவதன் மடலுக்குள் ஒளிந்திருக்கும். இதை முதலில் எண்ணிப் பார்த்தவரின் பொறுமையை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

பொறிவண்டு என்றால் நன்மை செய்யும் பூச்சி என்று விவசாயத் துறைக்காரர்கள் சொல்லிச் சொல்லி எல்லாருக்கும் பதிந்துவிட்டது. உன் தங்கை கத்தரிச் செடியில் புள்ளி வண்டைக் கண்டு விட்டுவைத்ததாக எழுதியிருந்தாய். இலை சல்லடையாகி நரம்பு மட்டும் மிஞ்சியிருந்தால் அது இலை தின்னும் வகை. சாய்த்து வெளிச்சத்தில் பார்க்கச் சொல். அசுவினி தின்னும் வண்டின் முதுகு பெரும்பாலும் கண்ணாடிப் பளபளப்பு. இலை தின்னும் இருபத்தெட்டுப் புள்ளி வண்டின் முதுகில் மெல்லிய பூனைமயிர் படர்ந்து மங்கலாக இருக்கும். தாடையைப் பிரித்துப் பார்த்தால் நுனியில் இலையைச் சுரண்டப் பல பற்கள் இருக்கும். அவ்வளவு தூரம் உன் தங்கை போக வேண்டியதில்லை.

அந்த இருபத்தெட்டுப் புள்ளி வண்டுக்கு அறிவியல் உலகில் பெயர் வைத்தவர் யோகான் கிறிஸ்டியன் ஃபாப்ரீசியஸ். 1745இல் பிறந்த டென்மார்க்காரர், உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸின் மாணவர். நாம் சின்ன வயதில் தீப்பெட்டிக்குள் இலை போட்டு வளர்த்த பொன்வண்டுக்கும் அவர்தான் பெயரிட்டார், இரண்டுமே 1775இல். குருநாதர் இறக்கையைப் பார்த்துப் பூச்சிகளைப் பிரித்தார்; சீடர் வாயைப் பார்த்துப் பிரித்தார். தாடை, துணைத்தாடை, உதடுகள், அவற்றில் தொங்கும் சிறு உணரிகள் என்று மயிரிழை அளவு உறுப்புகளை அந்தக் காலத்து லென்ஸை வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறார். இந்தியாவுக்கு வந்தவரில்லை. ஆனால் தரங்கம்பாடி அன்று டென்மார்க்கின் கையில் இருந்தது. 1768இல் அங்கே வந்து சேர்ந்த மருத்துவர் கோனிக், அவரும் லின்னேயஸிடம் படித்தவர். அங்கிருந்து கப்பலேறிய பூச்சிகள் பலவற்றை ஃபாப்ரீசியஸ் தம் நூல்களில் விவரித்திருக்கிறார். உன் தோப்பிலிருந்து எட்டும் தூரத்துக் கடற்கரையில் பிடித்த பூச்சிகள் அவை.

நம் பொன்வண்டையும் ஒருநாள் புரட்டிப் பார். மேலே செம்பழுப்பு மூடியும் பச்சைக் கேடயமும் என்றுதான் நமக்கு நினைவு. அதன் உறவான, மூடியும் பச்சையாக மின்னும் பொன்வண்டுகளின் மூடிகளைத்தான் ஒருகாலத்தில் ஜிகினாவுக்குப் பதிலாக மஸ்லின் துணியில் வைத்துத் தைத்துச் சீமைக்கு அனுப்பினார்கள். வண்டு மண்ணாகிப் பல ஆண்டுகள் ஆகியும் அந்த மூடியின் பச்சை மங்குவதில்லை. அது சாயம் அல்ல, மேல்தோலின் நுண்ணடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வரும் நிறம்.

ஒரு தொந்தரவு கொடுக்கிறேன். உன் குழியில் கிடைக்கும் வண்டுகளில் சிலவற்றை நசுக்காமல் சிறு புட்டியில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் ஊற்றிப் போட்டு வை. ஊசி குத்திக் காய வைக்க விரும்பினால் நட்டநடுவில் குத்தாதே. வலது மூடியில் குத்து. நடுக் கோடும் முக்கோணத் தகடும் சேதமாகாது, இடது மூடி முழுதாக மிஞ்சும். எல்லாக் காட்சியகங்களிலும் இதுதான் வழக்கம். ஊசி அடியில் நடுக்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே வெளிவர வேண்டும். கால் குழியில் போய் நின்றால் நான் எண்ண வேண்டிய இடம் கெட்டுவிடும்.

பட்டுக்கோட்டை வழியாக இப்போது ரயில் ஓடுகிறது என்று எழுதியிருந்தாய். தை பிறந்ததும் இருவரும் வருகிறோம். மீனாட்சிக்கு உங்கள் பக்கத்துக் கடற்கரையில் நிற்கும் மனோரா கோபுரத்தைப் பார்க்க வேண்டுமாம். எனக்கு உன் எருக்குழி போதும். முழங்கால் மடக்க முடியாது, ஒரு முக்காலி எடுத்து வை. மூத்தவனின் வேலை விஷயம் என்ன ஆயிற்று என்று நீ எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில் அதை முதலில் எழுது.

அன்புடன்,
ராமநாதன்