பள்ளத்தில் விழுந்த பந்துக்காக மனிதரை இறக்காதீர்கள்: மலை கோல்ஃப் மைதான நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். கோடையில் மதுரை வெயிலுக்குத் தப்பி மலையேறி வந்து உங்கள் மைதானங்களில் கோல்ஃப் ஆடுகிறவர்களில் நானும் ஒருவன். சென்ற பருவத்தில் ஒரு மைதானத்தில் கேடியாக, அதாவது ஆடுபவரின் மட்டைப் பையைச் சுமந்து உதவுபவராக, வேலை செய்யும் பெரியவர் ஒருவர் சரிவில் விழுந்து காலை முறித்துக்கொண்டதை நீங்கள் அறிவீர்கள். எந்த மைதானம் என்று நான் எழுதவில்லை. மலைச்சரிவில் அமைந்த எந்த மைதானத்திலும் அது நடந்திருக்கும். செங்குத்தான பள்ளங்களை ஆட்டத் தடைப் பகுதிகளாக அறிவித்து, பந்தைத் தேடி அங்கே எவரும் இறங்கக் கூடாது என்று கட்டளையிட வேண்டும் என்பதே என் கோரிக்கை.

மலை மைதானத்தின் அழகே அதன் ஆபத்தும் ஆகும். ஏழாயிரம் அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியில் உள்ளதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், அடித்த பந்து எதிர்பார்த்ததைவிட நெடுந்தூரம் பறக்கிறது. சமவெளியில் பழகிய கைகள் இதைக் கணிக்கத் தவறும்போது, பந்து கிரீனை, அதாவது பந்தைப் போட வேண்டிய குழி இருக்கும் மழித்த புல்தரையை, தாண்டிப் பள்ளத்தில் விழுகிறது. தொடங்கும் மேட்டிலிருந்து கிரீன் வரையுள்ள ஒவ்வோர் ஆட்டப் பாதையையும் ‘குழி’ என்றே சொல்வோம். பல குழிகளில், அந்த மேட்டில் நிற்பவருக்குக் கிரீனே தெரியாது. எனவே பந்து எங்கே விழுகிறது என்று பார்க்க, கேடி முன்னதாகவே ஓடிச் சென்று சரிவின் விளிம்பில் நிற்கிறார். பிறகு திரும்பி வந்து பையைத் தூக்குகிறார். ஆடுபவர் ஒருமுறை நடக்கும் ஏற்றத்தை அவர் இருமுறை ஏறுகிறார். பதினான்கு மட்டைகள், பந்துகள், குடை, தண்ணீர் எல்லாம் சேர்ந்த அந்தப் பை பத்துப் பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாது.

அன்று எங்களுக்கு முன்னே ஆடிய குழுவினரின் பந்து அப்படித்தான் போயிற்று. மழை ஓய்ந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்த நேரம். "இருங்க சார், பார்த்துட்டு வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு, அறுபதைக் கடந்த அந்தப் பெரியவர், தோளில் பையோடு, ஈரம் ஊறிய பைன் சருகுகளின் மீது இறங்கினார். அவர் வழுக்கி விழுந்ததை நாங்கள் பார்க்கவில்லை. மட்டைகள் ஒன்றோடொன்று மோதிய சத்தத்தைக் கேட்டுத்தான் ஓடினோம். கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்திருந்தது. தூக்குப் படுக்கை இல்லை, முதலுதவிப் பெட்டி இல்லை, அதைக் கையாளத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. உடன் வேலை செய்யும் நால்வர் ஒரு கம்பளியில் அவரைக் கிடத்தி, தாங்களும் வழுக்கி வழுக்கி, அந்தச் சரிவில் மேலே கொண்டுவந்தார்கள். வலியில் பல்லைக் கடித்தபடி அவர் கேட்ட முதல் கேள்வி, மட்டை ஏதும் உடைந்துவிட்டதா என்பது. அதன் பிறகு, கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் கால் அதிர, வாடகைக் காரில் சமவெளி மருத்துவமனை வரை அவர் பயணம் செய்தார். ஆண்டு முழுவதற்கும் நம்பியிருக்கும் ஏப்ரல், மே மாத வருமானம் அவருக்கு அத்தோடு போயிற்று.

அவ்வளவு அவசரமாக அவர் ஏன் இறங்கினார் என்பது உங்களுக்குத் தெரியும். பந்தைத் தேடுவதற்கான நேரம் 2019ஆம் ஆண்டின் கோல்ஃப் விதித் திருத்தத்தில் ஐந்து நிமிடத்திலிருந்து மூன்று நிமிடமாகக் குறைக்கப்பட்டது. அந்த நெருக்கடி முழுவதும் கேடியின் கால்களின் மீது விழுகிறது. ஆனால் அதே திருத்தம் உங்கள் கையில் ஒரு தீர்வையும் தந்திருக்கிறது. தண்ணீர் இல்லாத பள்ளத்தையும் புதரையும்கூடத் தண்டனைப் பகுதியாக அறிவிக்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. ஆட்டக்காரர்களை ஆபத்திலிருந்து காக்க, அதன் உள்ளே ஆடுவதையே தடைசெய்யவும் விதி இடமளிக்கிறது. சிவப்புக் கழிகளை நட்டு, யாரும் உள்ளே போகக் கூடாது என்று மைதான நடத்தை விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும். பந்து அங்கே போனது உறுதியானால், ஆடுபவர் தன் ஆட்டக் கணக்கில் ஓர் அடியைத் தண்டனையாகக் கூட்டிக்கொண்டு, வெளியே வேறு பந்தை வைத்து ஆடிக்கொள்ளலாம். சில நூறு ரூபாய்ப் பந்து ஒன்று போகும். போகட்டும்.

விபத்துக்குப் பிறகு மைதான நிர்வாகத்திடமிருந்து எங்களுக்குக் கிடைத்த பதில், "அவர் எங்கள் ஊழியர் அல்லர்" என்பது. கேடி செய்யும் விதிமீறலுக்கு ஆடுபவரே பொறுப்பு என்று கோல்ஃப் விதி 10.3 சொல்கிறது. அவர் தவறினால் தண்டனை அடியைக் கணக்கெழுத ஒருவர் இருக்கிறார். அவர் தவறி விழுந்தால் பொறுப்பேற்க ஒருவரும் இல்லை. இதை எப்படி ஏற்பது? பிரதமரின் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 20 ரூபாய்தான் கட்டணம். 18 முதல் 70 வயது வரை சேரலாம். இறப்புக்கும் முழு ஊனத்துக்கும் இரண்டு லட்சம் ரூபாய் கிடைக்கும். அதில்கூட உங்கள் கேடிகள் அனைவரையும் யாரும் சேர்க்கவில்லை. எலும்பு முறிவின் மருத்துவச் செலவை அது ஈடு செய்யாது என்பதால், அதற்கும் மேலாக ஒரு மருத்துவக் காப்பீட்டை மைதான நிர்வாகமே தன் செலவில் எடுத்துத் தருவதுதான் முறை.

தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்தில், ஹாங்லிப் மலையின் மேலிருந்து அடிவாரத்துக் கிரீனை நோக்கி அடிக்கும் ஒரு குழி உலகப் புகழ் பெற்றது. ஆடுபவரை ஹெலிகாப்டர் மேலே கொண்டு செல்லும்படி அதை அமைத்தார்கள். நம் கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரிலும் நீலகிரியிலும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் இன்றுவரை, இந்த விளையாட்டை மேலே கொண்டு சென்றவை தொழிலாளரின் முழங்கால்கள். புல் வெட்டும் இயந்திரத்துக்கும் பரிசுக் கோப்பைகளுக்கும் பணம் கிடைக்கிறது; மழைக்கு ஒதுங்கும் கொட்டகைக்கும் தூக்குப் படுக்கைக்கும் மட்டும் அது எப்போதும் அடுத்த ஆண்டுக்குப் போகிறது. இதைக் கடுமையாக எழுதிவிட்டேன் என்று தோன்றினால் பொறுத்தருளுங்கள். அந்தப் பெரியவர் இன்னும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறார்.

எனவே பணிவோடு மீண்டும் கேட்கிறேன். பள்ளங்களைத் தடைப் பகுதியாக அறிவியுங்கள். பந்துக்காக ஒருவரையும் அங்கே இறக்காதீர்கள். கோடைப் பருவம் தொடங்குவதற்கு முன் குழுவைக் கூட்டி, கழிகளை நட்டு, காப்பீட்டுப் படிவங்களையும் நிரப்பித் தருமாறு வேண்டுகிறேன். கழி நடும் நாளைத் தெரிவித்தால், மதுரையிலிருந்து நண்பர்களோடு வந்து அந்த வேலையில் உடனிருக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஓர் ஆட்டக்காரன்