சந்தா கட்டினால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

‘ஆசிரியர் சங்கங்களுக்கு அரசியல் எதற்கு?’ என்று கேட்டு வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைச் சென்ற வாரம் உங்கள் நாளிதழில் படித்தேன். வெளியிலிருந்து ஒருவர் அப்படிக் கேட்பதில் எனக்கு வருத்தமில்லை. சங்கத்துக்குள் இருப்பவர்களே அதைச் சொல்வதுதான் வருத்தம். “நமக்கு எதுக்கு டீச்சர் அரசியல், பாடத்த நடத்திட்டுப் போவோம்” என்று மதிய இடைவேளையில் சொன்னவர்களோடுதான் நான் வேலை பார்த்தேன். அவர்கள் ஆண்டுச் சந்தாவைத் தவறாமல் கட்டுவார்கள், ஆர்ப்பாட்டத்துக்குக் கூப்பிட்டால் வெயிலில் வந்து நிற்பார்கள். ஆனால் அவர்களில் பலர் தேர்தலில் வாக்களித்ததில்லை. வாக்களித்த சிலரது வாக்கும் எண்ணிக்கைக்கே போகவில்லை.

தேர்தல் நாளில் ஊருக்கே விரலில் மை வைத்துவிடுகிற நாம் நம்முடைய வாக்கைப் பெரும்பாலும் தபால் வாக்காகத்தான் போடுகிறோம். தேர்தல் பணிக்கான பயிற்சி வகுப்பில், தபால் வாக்குக்கான விண்ணப்பமாகிய படிவம் 12-ஐ நிரப்பிக் கொடுக்க வேண்டும். அதில் வாக்காளர் பட்டியலின் பாகம் எண், வரிசை எண் தெரியாமல் விட்டுவிடுபவர்கள் உண்டு. “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று மடித்துப் பைக்குள் வைப்பவர்களும் உண்டு. முன்பெல்லாம் தபால் வாக்குச்சீட்டை வீட்டுக்குக் கொண்டுபோய், எண்ணிக்கை தொடங்கும் காலைக்குள் சேர்த்தால் போதும் என்றிருந்தது. 2023-இல் விதி மாறிவிட்டது. பயிற்சி நடக்கும் இடத்தில் அமைத்திருக்கும் மையத்திலேயே வாங்கி, அங்கேயே வாக்களித்து, அங்கேயே பெட்டியில் போட்டுவிட வேண்டும். அன்றைக்கு வரிசை நீளமாக இருக்கிறது, பஸ் போய்விடும் என்று கிளம்பினால் வாக்கு போயிற்று.

தபால் வாக்கு எண்ணும் மேசையில் நானும் பணி செய்திருக்கிறேன். பெரிய உறையைப் பிரித்தால் உள்ளே 13ஏ உறுதிமொழிப் படிவமும், வாக்குச்சீட்டு வைத்த சிறிய உறையும் தனித்தனியாக இருக்க வேண்டும். இரண்டிலும் வாக்குச்சீட்டு எண் ஒன்றாக இருக்க வேண்டும். படிவத்தைக் காணோம், கையெழுத்தில்லை, சான்றொப்பமில்லை என்றால் சிறிய உறையைப் பிரிக்கவே மாட்டார்கள். அப்படியே நிராகரிப்புக் கட்டில் சேர்ந்துவிடும். ஒரு படிவம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. எல்லாக் கட்டங்களும் முத்து முத்தான எழுத்தில் நிரம்பியிருந்தன. கையொப்பமிட வேண்டிய இடம் மட்டும் காலி. வருகைப் பதிவேட்டில் ஒரு நாளைக்கூட விடாமல் எழுதிப் பழகிய கை அது என்று பார்த்தாலே தெரிந்தது.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று யாரும் எங்கள் ராதாபுரம் தொகுதியில் சொல்ல முடியாது. 2016 சட்டமன்றத் தேர்தலில் இங்கே வெற்றி வித்தியாசம் வெறும் 49 வாக்குகள். செல்லாதவை என்று ஒதுக்கப்பட்ட தபால் வாக்குகள் 203. சான்றொப்பமிட்ட தலைமை ஆசிரியர்கள் கெசட்டட் அதிகாரிகள் அல்ல என்பதுதான் காரணம். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போய், 2019 அக்டோபரில் மறு எண்ணிக்கைக்கு உத்தரவாகி, எண்ணியும் முடித்தார்கள். ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அந்தச் சட்டமன்றத்தின் ஐந்தாண்டும் அப்படியே கழிந்தன. யார் ஜெயித்திருக்க வேண்டும் என்பது என் பேச்சல்ல. ஒரு தொகுதியின் முடிவு ஆசிரியர்கள், அரசு ஊழியர்களின் உறைகளுக்குள் அடைபட்டுக் கிடந்தது என்பதை மட்டும் நினைத்துப் பாருங்கள். 2021-இல் தியாகராய நகரில் வித்தியாசம் 137 தான்.

சரி, வாக்களித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு 2003-ஐ நினைவூட்டுகிறேன். அந்த ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஒரு லட்சத்துக்கும் அதிகமான அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஆகஸ்ட் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமையே இல்லை என்று சொல்லிவிட்டது. தெருவில் நின்றும் பலனில்லை, நீதிமன்றத்திலும் கதவு சாத்தியாயிற்று. அடுத்த ஆண்டு மே மாதம் மக்களவைத் தேர்தல் முடிவு வந்தது. தமிழ்நாட்டின் 39 இடங்களில் மாநில ஆளுங்கட்சிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதே மாதத்தில், வேலைநிறுத்தம் செய்தவர்கள் மீதான நடவடிக்கைகளைக் கைவிடுவதாக அந்த மாநில அரசே அறிவித்தது. அந்தத் தோல்விக்கு நாம் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கோட்டையில் முடிவு மாறியது வாக்கு எண்ணிய பிறகுதான். ஓய்வூதியக் கதையும் இதேதான். ஹிமாச்சலப் பிரதேசத்தில் அரசு ஊழியர்கள் 2022 தேர்தலில் பழைய ஓய்வூதியத்தை (சம்பளத்தில் பிடித்தமில்லாமல் அரசே தருவது) முதல் கேள்வியாக்கினார்கள், 2023-இல் அது அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது.

அரசியல் வேண்டாம் என்று நாம் ஒதுங்கினாலும் அது நம் வகுப்பறைக்குள் வந்துவிடுகிறது. 2025 செப்டம்பர் 1-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததே, ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் இரண்டாண்டுக்குள் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெறாவிட்டால் வேலையில் நீடிக்க முடியாது என்று. இருபது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்திய என் தோழியர் வழிகாட்டிப் புத்தகங்களை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் தூக்கமின்றி உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தத் தீர்ப்புக்கு அடிப்படை 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தில் ஆசிரியர் தகுதியைப் பற்றிச் சொல்லும் 23-ஆம் பிரிவு. அதைத் திருத்துகிற அதிகாரம் நாடாளுமன்றத்திடம் இருக்கிறது. நம்முடைய எம்.பி. யார், அவர் இந்தப் பிரிவைப் படித்திருக்கிறாரா என்று கேட்காமல் கலெக்டர் அலுவலக வாசலில் கோஷம் போட்டு என்ன பயன்? ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்கு 2024-25-இல் வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்ததும் அரசியல் காரணத்தால்தான்.

‘நடத்தை விதி இருக்கிறதே’ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. 1973-ஆம் ஆண்டு விதிகள் அரசு ஊழியர் கட்சியில் சேர்வதையும் பிரசாரம் செய்வதையும் போட்டியிடுவதையும் தடுக்கின்றன. வாக்களிப்பதைத் தடுக்கவில்லை. கோரிக்கையை எல்லாக் கட்சிகளிடமும் ஒரேபோலக் கொண்டு சேர்ப்பது சங்கத்தின் வேலை. சட்டமன்றத்தில் பள்ளிக் கல்விக்கான மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வருமுன்பே தொகுதி எம்.எல்.ஏ.வைப் பார்த்து, எந்தெந்தப் பள்ளியில் எத்தனை பணியிடம் காலி என்று தாளில் எழுதிக் கொடுக்கலாம். கிராம சபையில் போய் உட்காரலாம். என்னைப் போல ஓய்வுபெற்றவர்களுக்கு அந்த விதியும் கிடையாது. உள்ளாட்சித் தேர்தலில் நிற்கவே நிற்கலாம். முன்பு சட்டமன்ற மேலவையில் ஆசிரியர் தொகுதி என்று ஒன்று இருந்தது, 1986-இல் மேலவையோடு அதுவும் போயிற்று. (நடுநிலைப் பள்ளிக்காரர்களுக்கு அதிலும் வாக்கு கிடையாது என்பது வேறு விஷயம்.) நமக்கென்று தனி இடம் இல்லாத நிலையில் இருக்கிற 234 பேரிடமும்தான் நாம் பேசியாக வேண்டும்.

வட்டாரக் கிளைப் பொறுப்பாளர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தேர்தல் பயிற்சி வகுப்பு நடக்கும் நாளில் ஒவ்வொரு மையத்திலும் இருவரை நிறுத்துங்கள். யாருக்கு வாக்களிப்பது என்று ஒரு வார்த்தை பேச வேண்டாம். படிவம் 12 கொடுத்தாயிற்றா, 13ஏ-வில் கையெழுத்து இருக்கிறதா, எது எந்த உறைக்குள் என்று மட்டும் சொல்லிக் கொடுங்கள். முதல் தடவை பணிக்கு வரும் இளம் ஆசிரியைகளுக்கு இதைச் சொல்ல ஆளில்லை.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். தேர்தல் முடிவுகளை வெளியிடும்போது தொகுதிவாரியாக எத்தனை தபால் வாக்குகள் வந்தன, எத்தனை நிராகரிக்கப்பட்டன என்ற கணக்கையும் சேர்த்து அச்சிடுங்கள்.

ஓய்வுபெற்ற நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியை,
வள்ளியூர், திருநெல்வேலி மாவட்டம்.