இறக்கி வைத்த கியர்பாக்ஸ்

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கு அனைவரும் நலம். தங்கையும் பிள்ளைகளும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். ஐந்து மாதமாக ஒரு வரிகூட எழுதாதவன் திடீரென்று இவ்வளவு நீளமாக எழுதினால் ஏதோ கேட்கத்தான் போகிறான் என்று நீ நினைப்பாய். நினைத்துக்கொள், தவறில்லை, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

டிரக்கின் கியர்பாக்ஸ் போய்விட்டது. ஆட்டோமேட்டிக் வண்டிக்குத் தனியாக ஒரு ஆயில் கூலர் வைத்துக்கொள் என்று நீ சொன்னபோது உன்னைப் பஞ்சாங்கம் என்று கேலி செய்தவன் நான்தான். இப்போது நீ தாராளமாகச் சிரிக்கலாம். 

தொடக்கத்தில், சீரான வேகத்தில் போகும்போது, எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் பூட்டிக்கொள்ளும் அந்த நேரத்தில் மட்டும், சாலையில் குறுக்கே கோடு கோடாக வெட்டி வைத்ததுபோல் ஓர் அதிர்வு வந்தது. நான் அதை டயரின் குறை என்று எண்ணி இரண்டு டயர்களை மாற்றினேன். பிறகு ஒரு நாள் மூன்றாம் கியரிலிருந்து நான்காவதற்கு ஏறும்போது எஞ்சின் மட்டும் இரைந்தது, வண்டி இழுக்கவில்லை. ஓரமாக நிறுத்தி, கியர்பாக்ஸ் ஆயிலை அளக்கும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால், சிவப்பாகத் தெளிந்திருக்க வேண்டிய ஆயில் பாலில் குங்குமத்தைக் கரைத்ததுபோல் கலங்கியிருந்தது.

இந்த வகை வண்டிகளில் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே இருப்பது உனக்குத் தெரியும். ஆயிலுக்கும், எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்க்கலவையான கூலன்ட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய உலோகச் சுவர்தான். அது அரித்து ஓட்டை விழுந்தால் கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் போய்விடும். போனதும் முதலில் கெடுவது கிளட்ச் பிளேட்டுகள், ஏனென்றால் அவற்றின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையின் பசை தண்ணீரைத் தாங்காது. பட்டை உரிந்து, தூளாகி, ஆயிலைத் தேவையான இடத்துக்குத் திருப்பிவிடும் வால்வு பாடியின் நுண்ணிய வழிகளையெல்லாம் அடைத்துவிடும். மெக்கானிக் கியர்பாக்ஸின் ஆயில் தட்டைக் கழற்றியபோது அடியில் அந்தத் தூள் கருஞ்சேறாகப் படிந்திருந்தது.

இனி செலவைச் சொல்கிறேன், என் தூக்கத்தைக் கெடுத்தது அதுதான். எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு, பிரித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது என்று மெக்கானிக் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். ஏமாற்றுகிறார் என்று நினைத்து, வாய்விட்டும் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படாமல் என்னை உட்கார வைத்து விளக்கினார். சீல், கேஸ்கட், பில்டர், கிளட்ச் பிளேட் ஆகியவை எப்படியும் மாற்ற வேண்டியவை; அவை ஒரே தொகுப்பாக வருவதால் அந்தத் தொகையை இப்போதே சொல்லிவிடலாம், அது மொத்தத்தில் பெரிய பங்கும் அல்ல. ஆனால் டிரம், பிளானட்டரி கியர், பம்ப், ஷாஃப்ட் போன்ற கெட்டிப் பாகங்களில் எது தேய்ந்திருக்கிறது, எது துருப்பிடித்திருக்கிறது என்பது மேசைமேல் பரப்பிக் கழுவி அளந்தபிறகுதான் தெரியும், அவற்றில் ஒன்றிரண்டு போயிருந்தாலே கணக்கு வேறாகிவிடும். கன்வர்ட்டரைக் கழுவிப் போட முடியாது. அது பற்றவைத்து மூடிய உறை, உள்ளே தங்கிய தூளும் தண்ணீரும் முழுவதுமாக வெளியே வராது என்பதால் அதை மாற்றியே ஆக வேண்டும். ரேடியேட்டரும் புதிது, இல்லாவிட்டால் புதுப்பித்த பாக்ஸுக்குள்ளும் அதே கூலன்ட் போகும்.

இவற்றுக்கெல்லாம் மேலே கூலி. பாக்ஸை இறக்கி ஏற்ற மட்டுமே ஏறத்தாழ ஒரு முழு நாள் வேலை. நம்முடையது நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, இழுவையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் கழற்ற வேண்டும் என்பதால் இன்னும் கூடுதல். உள்ளே ஒரு சின்ன சீலை மாற்றினாலும் எல்லாவற்றையும் மாற்றினாலும் இந்தக் கூலி ஒன்றுதான். அதனால்தான், கிளட்ச் பிளேட்டை மட்டும் போட்டு ஓட்டிப் பார்க்கலாமே என்று நான் கெஞ்சியபோது, அப்படிச் செய்தால் ஆறு மாதத்தில் அதே கூலியை மறுபடியும் என்னிடமே கொடுப்பீர்கள் என்றார்.

உடைத்த வண்டியிலிருந்து எடுத்த பழைய பாக்ஸை வாங்கிப் போடலாம் என்று மச்சான் சொன்னான். விலை பாதிகூட இல்லைதான். ஆனால் அது எவ்வளவு சூட்டில் ஓடியது, எத்தனை சுமை இழுத்தது என்று யாருக்குத் தெரியும்? 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் வழங்கும் தோராயக் கணக்கு. மலைப்பாதையில் பாரத்தோடு ஏறிய பாக்ஸ் எந்த நிலையில் இருக்கும் என்று நீயே பார்த்துக்கொள். ஆலையில் புதுப்பித்து, சோதனை மேடையில் ஓட்டிப் பார்த்து அனுப்புகிற பாக்ஸ் நல்லதுதான், உத்தரவாதமும் நீளம். ஆனால் நம் பழைய பாக்ஸை ஒப்படைத்தால்தான் அதற்குப் பிணையாகக் கட்டும் முன்பணம் திரும்பும், அதன் உறையில் விரிசல் இருந்தால் அதுவும் கிடைக்காது. நான் இந்த மெக்கானிக்கிடமே கொடுத்துவிட்டேன். முகத்துக்கு நேரே ஏமாற்றுக்காரர் என்று சொன்னவனுக்குப் பொறுமையாகப் பாடம் எடுத்த மனிதர் வேலையிலும் அப்படித்தான் இருப்பார் என்று பட்டது.

நேற்று பிரித்தாகிவிட்டது. பம்ப் தப்பித்தது, ஒரு டிரம்மும் ஒரு பிளானட்டரியும் தப்பவில்லை. மொத்தத் தொகை டிரக்கின் இன்றைய விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுகிறது. விற்றுவிடு என்கிறாள் வீட்டில். இப்படியே விற்றால் கழிவு விலைதான் கிடைக்கும், எஞ்சினோ இன்னும் முறுக்காக இருக்கிறது. இதே தொகைக்கு வேறொரு வண்டி வாங்கினால் அதன் கியர்பாக்ஸுக்கு யார் பொறுப்பு என்று நான் கேட்டேன். அவளிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.

இப்போது கடைசி விஷயம். இந்த மாதம் உனக்குத் திருப்பித் தருவதாகச் சொல்லி எடுத்து வைத்திருந்த பணம்தான் பட்டறைக்கு முன்பணமாகப் போனது. உன்னைக் கேட்காமல் எடுத்தேன். ஐந்து மாதம் எழுதாததற்கு வேலையைக் காரணம் காட்டியிருப்பேன். உண்மையில் அந்தக் கடனை நினைத்துத்தான் பேனாவைத் தொடவில்லை. வண்டி ஓடத் தொடங்கியதும் மாதாமாதம் சிறுகச் சிறுகத் தந்துவிடுகிறேன். உனக்கு அவசரத் தேவை ஏதும் இருந்தால் மறைக்காமல் எழுது, வேறு வழி பார்க்கிறேன்.

உன்னுடையதும் இதே வண்டிதான், எனக்கு உபதேசம் செய்த நீ தனிக் கூலர் போட்டாயா இல்லையா என்பதை இதுவரை சொன்னதே இல்லை. நாளைக் காலையில் எஞ்சினை ஓடவிட்டு கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கை ஒரு முறை உருவிப் பார். ஆயில் என்ன நிறத்தில் இருந்தது என்று முதல் வரியிலேயே எழுது. திட்டுவதை அடுத்த வரியில் வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் பழைய கடன்காரன்