கரும்பலகையில் வயரிங் வராது

ஐயா,

மேல்நிலைப் பள்ளித் தொழிற்பிரிவில் எலக்ட்ரீஷியன் பயிற்சி தொடங்குவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். நல்ல முடிவுதான். ஆனால் செய்முறை நேரம் பற்றி ஒரு வரிகூட இல்லையே! ஓம் விதியைக் கரும்பலகையில் எழுதிப் போடலாம். தளர்ந்த இணைப்பு சூடேறிக் கருகுவதை ஸ்க்ரூடிரைவர் பிடித்த கைதான் கண்டுபிடிக்கும்.

20 ஆண்டுகளாக வயரிங் வேலை செய்கிறேன். அண்மையில் சான்றிதழோடு ஒரு பையன் உதவிக்குச் சேர்ந்தான். கெட்டிக்காரன். 30 மில்லி ஆம்பியர் மின்சாரம் கசிந்தால் ஆர்சிசிபி, அதாவது கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச், ட்ரிப் ஆகும் என்று டக்கென்று சொன்னான். சரி, ஒரு விளக்கை மாட்டச் சொன்னேன். சுவிட்சை மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பிக்குப் பதில், அது திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியில் கொடுத்துவிட்டான். சுவிட்சை அணைத்தால் விளக்கும் அணைந்தது. ஆனால் ஹோல்டரில் வைத்த டெஸ்டர் ஒளிர்ந்தது; அங்கே மின்சாரம் அப்படியே இருந்தது. பல்பு மாற்ற ஏறுபவர் கதி என்ன? பள்ளியில் அவன் ஒரு சுவிட்ச் போர்டைக்கூடக் கழற்றியதில்லையாம். அவனைக் குறை சொல்ல முடியாது. தேர்வில் பாதி மதிப்பெண்ணைச் செய்முறைக்கு ஒதுக்கலாம். கடைசி ஆண்டில் வாரம் ஒரு நாளாவது உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் மாணவர்களை அனுப்பலாம்.

– ஒரு மின்பணியாளர்