வாரத்தில் ஒரு பாடவேளை: கல்வி அதிகாரிகளுக்கு ஓர் ஆசிரியையின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். நான் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. பணிக்கு வந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. இணையத்தில் எப்படி நடந்துகொள்வது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வாரத்தில் ஒரு பாடவேளை கேட்டு இதை எழுதுகிறேன். ஊரையும் பள்ளியையும் சொல்லப்போவதில்லை. சொன்னால் ஒரு சிறுமியைக் கைகாட்டியது மாதிரி ஆகிவிடும்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, காலை வழிபாட்டுக்கு மணி அடிக்கும் முன்பே வேப்பமரத்தடியில் ஓர் அம்மா நின்றிருந்தார். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மாணவியின் அம்மா. கட்டட வேலைக்குப் போகிறவர். அன்றைக்குக் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். முந்தானையில் சுற்றி வைத்திருந்த போனை எடுத்துக் காட்டி, "டீச்சர், இந்தப் போட்டோ நீங்க எடுத்ததுதானே?" என்றார். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நான் எடுத்ததுதான். பள்ளியில் பொங்கல் வைத்த அன்று பானைக்குப் பக்கத்தில் பாவாடை தாவணியில் நின்றிருந்தாள். "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புடி" என்று சொல்லி நான்தான் எடுத்தேன். வழக்கம்போல வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். விழா நடந்ததற்கு ஆதாரம் வேண்டுமே, மேலேயும் அனுப்பினேன். அந்த முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, ஏதோ ஒரு செயலியிடம் கொடுத்து, யாரோ ஆடும் குத்தாட்ட வீடியோவில் ஒட்டி, கீழே ஒரு போன் நம்பரையும் போட்டுச் சுற்றவிட்டிருந்தார்கள். செய்தவர்கள் அதே வகுப்புப் பையன்கள் நான்கு பேர். நம்பர் அந்த அம்மாவுடையது. அது எங்கிருந்து போனது என்று துப்புத் துலக்க வேண்டியதில்லை. நாங்கள் ஆரம்பித்த குழுவில் 41 வீட்டு நம்பரும், உள்ளே இருக்கிற எவரும் பார்க்கும்படி வரிசையாக இருக்கின்றன.

குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் தகவல் சொன்னோம். வீடியோ நீக்கப்பட்டது. விசாரணை அதன் வழியில் போகிறது. அதைப் பற்றி இங்கே எழுதுவது முறையில்லை. நான் எழுத வந்தது அந்த நம்பரைப் பற்றி.

வீடியோ போன பிறகும் அழைப்புகள் நிற்கவில்லை. இரவு பத்து, பதினொன்று, சில நாள் இரண்டு மணி. எடுத்தால் சிரிப்பு, அல்லது அசிங்கம். "நம்பரை மாத்திடுங்களேம்மா" என்று நான் சுலபமாகச் சொல்லிவிட்டேன். அவர் விரல் விட்டு எண்ணினார். "ஆதார்ல இந்த நம்பர்தான் டீச்சர். பேங்க்ல இதுதான். ரேஷன் கார்டு, கேஸ், உரிமைத் தொகை, எல்லா மெசேஜும் இதுலதான் வருது. பாப்பா பள்ளிக்கூடத்துலயும் இதைத்தான் குடுத்திருக்கேன்." ஒரு கையின் விரல்கள் போதவில்லை. ஒவ்வோர் இடமாகப் போய் மாற்ற ஒவ்வொரு நாள் கூலி போகும். யோசித்துப் பார்த்துவிட்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போனை அணைத்து வைக்கத் தொடங்கினார்.

ஆறு மணிக்கு மேல்தான் மேஸ்திரி கூப்பிட்டு மறுநாள் எங்கே வேலை என்று சொல்வார். முதல் வாரத்தில் மூன்று நாள் வேலை போனது. ஆறு மணிக்கு மேல்தான் நாங்களும் வீட்டுப்பாடம் அனுப்புவோம். மறுநாள் அந்தப் பெண் எழுதாமல் வந்தாள். ஏன் எழுதவில்லை என்று இன்னோர் ஆசிரியர் அவளை வகுப்பில் நிற்க வைத்தார். அந்த நான்கு பையன்களில் இருவர் அப்போது வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் காரணம் சொல்லவில்லை. பாடவேளை முழுக்க நின்றிருக்கிறாள்.

இது உங்கள் கவனத்துக்கு வர வேண்டும் என்று விரும்புகிறேன். தலைமையகத்துக்குப் போகும் அறிக்கையில் "உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியில் இந்த நிற்றல் இருக்காது.

பையன்களிடம் பேசினேன். "ஃபார்வர்ட் மட்டும்தான் டீச்சர் பண்ணேன்" என்றான் ஒருவன், ஏதோ தபால்காரன் மாதிரி. அவன் கெட்டவன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சத்துணவு வரிசையில் சின்னப் பிள்ளைகளை முன்னால் விடுகிறவன் அவன். செயலிக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லையாம். அதைச் சொல்லும்போது கண்ணில் வியப்புத்தான் தெரிந்தது. நால்வரையும் கையால் மன்னிப்புக் கடிதம் எழுதி வரச் சொன்னேன். கொண்டுவந்தார்கள். நான்கிலும் "என் செயலின் தீவிரத்தை முழுமையாக உணர்ந்துள்ளேன்" என்று ஒரே தொடக்கம். கட்டுரை நோட்டில் பக்கத்துக்குப் பத்துச் சந்திப்பிழை விடும் பிள்ளைகள், ஓர் ஒற்றுகூடத் தவறாமல் எழுதியிருந்தார்கள். செய்யறிவு (ஏஐ) சொல்லச் சொல்லப் பார்த்து எழுதிய மன்னிப்பு. தமிழாசிரியையாகச் சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் மடித்து வைத்தேன்.

சரி, இவர்களுக்கு நாம் எதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம் என்று பாடப்புத்தகங்களைப் புரட்டினேன். அறிவியல் புத்தகத்தில் சார்லஸ் பாபேஜ் கணினியின் தந்தை என்று இருக்கிறது. உள்ளீட்டுக் கருவி, வெளியீட்டுக் கருவி இருக்கிறது. பத்தாம் வகுப்பு அறிவியலின் கடைசிப் பாடத்தில், நிரல் எழுதிப் பழகும் ஸ்க்ராட்ச் மென்பொருள் இருக்கிறது. அந்தப் பாடம் வரும்போது பிள்ளைகள் திருப்புதல் தேர்வில் இருப்பார்கள். கணினி நன்னெறியும் இணையப் பாதுகாப்பும் என்று ஒரு முழுப் பாடமே இருப்பது பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியலில். 18 பாடங்களில் 17-ஆவது. நல்ல பாடம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கணினிப் பாடம் எடுக்காதவர் கண்ணில் அது படாது. பத்தோடு படிப்பை நிறுத்தியவருக்கும் கிடையாது. 2025-26 முதல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை என்றான பிறகு, அந்த ஆண்டின் கடைசி மாதத்தில் எத்தனை பள்ளிகளில் 17-ஆம் பாடம் நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். இன்ஸ்டாகிராம் 13 வயதில் கணக்குத் தொடங்க விடுகிறது. என் வகுப்பில் பத்து வயதிலேயே, பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுத் தொடங்கியவர்கள் இருக்கிறார்கள். நாம் பதினைந்து பதினாறு வயதில், கணினிப் பாடம் எடுத்தவர்களுக்கு மட்டும், கடைசிக்கு முந்தைய பாடமாக நன்னெறி சொல்கிறோம்.

அதனால் நான் கேட்பது இதுதான். ஆறாம் வகுப்பிலிருந்து வாரத்தில் ஒரு பாடவேளை. இணையத்தில் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு மட்டும். வாரத்துக்கு 40 பாடவேளை இருக்கிறது, அதில் ஒன்று. தேர்வு வேண்டாம். மதிப்பெண் வேண்டாம். தேர்வு வைத்தால் "சைபர் குற்றங்கள் ஐந்தனைக் கூறுக" என்று ஒரு கேள்வி வரும், முழு மதிப்பெண் வாங்கியவனே அதில் இரண்டைச் செய்துகொண்டிருப்பான்.

போனைப் பிடுங்கி வைத்தால் போதும் என்பார்கள். பள்ளிக்குள் ஏற்கெனவே போன் கூடாதுதான். அந்த வீடியோ பள்ளிக்குள் செய்யப்படவில்லை. 2020 மார்ச்சில் பள்ளியை மூடிவிட்டு, போன் இல்லாத வீட்டில் கடன் வாங்கியாவது போன் வாங்கச் சொன்னது நாம்தான். வகுப்பு, வீட்டுப்பாடம், தேர்வு எல்லாம் அதில் என்றோம். பிள்ளையின் கையில் கொடுத்ததோடு சரி, அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. 2011-இல் தொடங்கி மேல்நிலை மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்தோம். பெரிய காரியம், என் மாணவர்கள் பலர் அதில்தான் வேலைக்கு விண்ணப்பம் போட்டார்கள். அதோடும் வழிகாட்டக் கையேடு வந்தது, ஆள் வரவில்லை.

ஆள் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி என்று 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக எடுத்தார்கள். அவர்களில் எத்தனையோ பேர் விலகிப் போனார்கள். மிச்சம் இருந்தவர்கள் ஆண்டுக் கணக்காகப் பணி நிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்தார்கள். கணினி படித்தவரைத் தெருவில் உட்கார வைத்துவிட்டு, உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தின் சாவியைத் தமிழாசிரியையிடம் கொடுக்கிறோம். பக்கத்தில் கேரளத்தில் தகவல் தொழில்நுட்பத்துக்கு என்று தனிப் புத்தகமும் பாடவேளையும் இருக்கின்றன. போலிச் செய்தியை அடையாளம் காண்பது எப்படி என்று அங்கே லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டார்கள். எட்டிப் பார்க்கும் தூரம்தான்.

நமக்கும் விழிப்புணர்வு இல்லாமல் இல்லை. பிப்ரவரியில் பாதுகாப்பான இணைய நாள் வரும். சுற்றறிக்கை வரும். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கையில் பதாகை கொடுத்து, உறுதிமொழி எடுக்க வைப்போம். பிறகு அவர்கள் முகம் தெளிவாகத் தெரிகிற மாதிரி படம் எடுத்து, எடுத்த இடத்தைக் காட்டும் குறியோடு, மாலை நான்கு மணிக்குள் அனுப்ப வேண்டும். அனுப்புவோம். ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று அதே பதாகையில் இருக்கும். மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் தளத்தில் பெற்றோர் நம்பரைச் சரிபார்க்கச் சொன்னபோது, ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு "ஒரு ஓடிபி வரும், சொல்லுங்கம்மா" என்று கேட்டதும் நாங்களேதான். ஒரு தாத்தா, "உங்களை எனக்குத் தெரியும்மா, ஆனா போலீஸ்காரங்க சொல்லக் கூடாதுன்னுருக்காங்களே" என்றார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது? ஊரிலேயே பாடம் ஒழுங்காகப் படித்தவர் அவர் ஒருவர்தான்.

கோபத்தில் எழுதிக்கொண்டே போகிறேன், மன்னிக்கவும். குறை சொல்வதற்காக இந்த மடல் இல்லை.

சம்பவத்துக்குப் பிறகு, அனுமதி கேட்காமல், என் தமிழ்ப் பாடவேளை ஒன்றை வாராவாரம் இதற்கு ஒதுக்கிப் பார்த்தேன். வீட்டுப் போனில் வந்த ஃபார்வர்ட் ஒன்றை எழுதி வரச் சொல்வேன். இதை முதலில் எழுதியது யாராக இருக்கும், இதில் யார் பெயர் அடிபடுகிறது, அவர் உன் அக்காவாக இருந்தால் என்ன செய்வாய் என்று பேசுவோம். பிள்ளைகள் பேசுகிறார்கள் ஐயா. "எங்கம்மாவே நான் வாய் திறந்து தூங்குறத ஸ்டேட்டஸ்ல வைக்கிறாங்க, அவங்களுக்கு யார் டீச்சர் சொல்றது?" என்று ஒருவன் கேட்டதும் வகுப்பே சிரித்தது. ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரியாதபடி அறிவிப்பு அனுப்பும் வசதி வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறது என்று ஒரு மாணவிதான் எனக்குக் காட்டினாள். 41 வீட்டுக்கும் இப்போது அதில்தான் அனுப்புகிறேன். எனக்கு இது தெரியாமலே போயிருந்தது.

மூன்றாவது வாரம், ஒருவரைப் படம் எடுக்கும் முன் எப்படிக் கேட்க வேண்டும் என்று எழுதச் சொன்னேன். பின் வரிசையில் ஒரு பெண் எழுந்து, "பொங்கலன்னிக்கு நீங்க கேட்டீங்களா டீச்சர்?" என்றாள். கேட்கவில்லை என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல? 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாத எவரும் குழந்தை, அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. எங்கள் எவருக்கும் இதை யாரும் சொல்லித் தரவில்லை. ஆகவே, பிள்ளைகளின் பாடவேளைக்கு முன்னால் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சியும் வேண்டும். கூடவே, ஆதாரத்துக்குப் பிள்ளைகளின் முகம் தெரியும் படம் கேட்பதை நிறுத்துங்கள். பொங்கல் பானை பொங்கியதற்குப் பானையின் படம் போதும்.

மற்றபடி கேட்பது ஒன்றே. ஆறாம் வகுப்பிலிருந்து வாரத்தில் ஒரு பாடவேளை, அதை நடத்தத் தெரிந்த ஓர் ஆள். கணக்குக்கும் அறிவியலுக்கும் கடனாகப் போய்விடாதபடி, நீதிபோதனை வகுப்புக்கு நேர்ந்த கதி இதற்கும் நேராதபடி, ஆணையில் தெளிவாக எழுதிக் கொடுங்கள்.

ஜூனில் பள்ளி திறக்கும்போது தலைமையாசிரியர் கால அட்டவணைத் தாளை மேசையில் விரிப்பார். முதலில் பென்சிலால்தான் கட்டங்களை நிரப்புவார். மை போடுவதற்குள் உங்கள் ஆணை வந்துவிட்டால் நன்றாக இருக்கும். அந்த அம்மா இன்னமும் ஆறு மணிக்குப் போனை அணைத்துவிடுகிறார். நான் வீட்டுப்பாடத்தை நான்கு மணிக்கே, கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன்.

பணிவுடன்,
ஓர் அரசுப் பள்ளித் தமிழாசிரியை