நெமூர் நகரத்து உயில்

அன்புள்ள மகளுக்கு,

பாரிஸிலிருந்து நெமூருக்குப் போய்வர எண்ணியிருப்பதாக நீ எழுதியதைப் படித்ததும், பிரெஞ்சு எழுத்தாளர் பால்சாக் 1841-இல் வெளியிட்ட 'யூர்சூல் மிருவே' நாவலை மறுபடியும் எடுத்தேன். அந்தக் கதை நடப்பது உன் நெமூரில்தான்.

அநாதையான யூர்சூலை வளர்ப்பவர் மினோரே என்னும் முதிய மருத்துவர். அவருடைய மாமனாருக்கு மணவுறவுக்கு வெளியே பிறந்த மகனின் மகள் அவள். அப்படிப் பிறந்தவர்கள் எவ்வளவு சொத்துப் பெறலாம் என்பதற்குப் பிரெஞ்சுச் சட்டம் அன்று வரம்பு கட்டியிருந்தது. அந்த வரம்பு அவர்களுடைய பிள்ளைகளையும் கட்டுப்படுத்துமா என்பது தெளிவாக இல்லாததால், அவள் பெயருக்கு உயில் எழுதினால் இரத்த உறவினர் வழக்காடுவார்கள் என்று கிழவர் அஞ்சுகிறார். ஆகவே அவள் மணக்கவிருக்கும் சவீனியன் பெயருக்கு உயில் எழுதி, கையில் வைத்திருப்பவருக்கே உரிமையாகும் கடன் பத்திரங்களை நூலகத்துச் சட்டநூல் ஒன்றுக்குள் ஒளித்துவைக்கிறார். அந்த இடத்தைக் குறித்த கடிதம் எங்கே இருக்கிறது என்பதை மரணப் படுக்கையில்தான் அவளிடம் சொல்கிறார். அதை ஒட்டுக்கேட்ட, மருத்துவரின் சகோதரர் மகனான தபால் வண்டி நிலையக்காரன் முந்திக்கொண்டு உயிலை எரித்துவிட்டுப் பத்திரங்களை அள்ளிக்கொள்கிறான்.

முப்பது ஆண்டுகள் பதிவு அலுவலகத்தில் உயில்களோடு வாழ்ந்த எனக்குத் திருடன்மேல் வந்த கோபத்தைவிட மருத்துவர்மேல் வந்த கோபமே அதிகம். வீட்டுக்கு வந்துபோகும் நண்பர் போங்ரான் ஒரு நீதிபதி. அவரிடமாவது ஒரு பிரதியைக் கொடுத்துவைத்திருக்கக் கூடாதா?

பிறகு இறந்தவர் யூர்சூலின் கனவில் தோன்றித் திருட்டைக் காட்டிக்கொடுக்கிறார். மனோவசியத்தில் பால்சாக்குக்கு இருந்த நம்பிக்கை அது. எங்கள் அலுவலகத்தில் கனவைச் சாட்சியாக ஏற்றதாக எனக்கு நினைவில்லை. ஆனால் பத்திரங்களின் எண்கள் அவற்றை மறைத்துவைத்த புத்தகத்திலேயே கிடைக்கும் இடத்தில், பழைய பதிவேடுகளைப் புரட்டியவன் என்ற முறையில், வாசிப்பை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இந்த நாவலைப் பால்சாக் தம் தங்கை மகள் சோஃபிக்குக் காணிக்கையாக்கியிருக்கிறார். காணிக்கை உரையையும் விடாமல் படி.

1829-இல் கதை தொடங்கும்போது, பாரிஸ் பக்கமிருந்து நெமூருக்குள் நுழையும் கால்வாய்ப் பாலத்தில் அந்தத் தபால் வண்டி நிலையக்காரன் தன் மகன் வரும் வண்டிக்காகக் காத்து நிற்கிறான். அதே மகனைத்தான் கடைசியில் ஒரு வண்டி விபத்தில் இழக்கிறான். நீ போகும்போது அந்தப் பாலத்தில் சற்று நின்று, அங்கிருந்து சாலை எவ்வளவு தூரம் தெரிகிறது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா