சாவடி முக்குக்கு வந்து கை கொடுத்தவர்களுக்கு

ஊர்ப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம், ஸலாம், ஸ்தோத்திரம்.

நம் பழைய காவல் சாவடியைப் பழுது பார்த்த வேலை முடிந்து பதினைந்து நாளாகிறது. மறுநாளே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. தள்ளிப் போனதற்குக் காரணம், பாதிப் பேர் "எம் பேரப் போடாதத்தா" என்று சொல்லிவிட்டதுதான். மற்றவர்கள் பெயரை மட்டும் போட்டால், விடுபட்டவர்கள் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். நம் ஊரில் அதற்கு ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். அதனால் யார் பெயரும் இல்லாமலே எழுதுகிறேன். உங்கள் பங்கு எது என்று உங்களுக்குத் தெரியும்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். பல வருஷத்துக்கு முன்னால் ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி, வசூல் பண்ணி, சாவடிச் சுவருக்கு சிமெண்டு பூசவைத்தது நான்தான். பளபளவென்று இருந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். மூன்றாவது மழைக்குள் சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்தது. பிறகு பாளம் பாளமாக உரிந்தது. உள்ளே இருப்பது பவளக்கல். கடல் ஈரத்தை இழுக்கும், வெயில் வந்தால் விடும். நான் சிமெண்டால் அதன் மூக்கையும் வாயையும் அடைத்திருக்கிறேன். இதை எனக்குச் சொன்ன கொத்தனார் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "ஆசையிலதானம்மா செஞ்சீக" என்றார். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

அவருக்கு முதல் நன்றி. சிமெண்டை உளியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, ஒரு கல்லைத் துணியால் துடைத்துக் காட்டினார். மூளையின் மடிப்பு மாதிரி ஒரு பக்கம், தேனடைக் கண் மாதிரி இன்னொரு பக்கம். ஐம்பது வருஷமாக அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர்கள் எல்லோரும் குனிந்து பார்த்தோம்.

சிதைந்த இடத்துக்குப் புதுக் கல் வாங்க வழியில்லை. 2001இலேயே பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். கடலில் இருந்து எடுத்தால் குற்றம், அதுவும் நியாயம்தான். அப்போதுதான் மேலத்தெரு லாத்தா ஒருத்தர், கோழிக்கூடைக்குப் பாரமாக வைத்திருந்த கல்லை முந்தானையில் ஏந்திக்கொண்டு வந்தார். "இது சாவடிக் கல்லுதான். எங்க வாப்பா எடுத்துட்டு வந்தது. பாவம் தீரட்டும்." அதற்கு மறுநாளில் இருந்து வரிசை. வாசப்படிக்கு முட்டுக் கொடுத்தது, வலைக்குப் பக்கத்தில் கிடந்தது, துளசி மாடத்துக்கு அடியில் இருந்தது என்று மொத்தம் 41 கல் திரும்பி வந்தது. எங்கள் வீட்டுக் கிணற்றடியிலும் இரண்டு இருந்தன. சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

சிமெண்டுக்குப் பதிலாகப் பூசுகிற சுண்ணாம்பு விஷயத்தில் தண்ணீர்தான் பெரிய பாடு. கடற்கரை மணல் கையெட்டும் தூரத்தில், ஊர்க் கிணற்றுத் தண்ணீர் காலடியில், இரண்டிலும் உப்பு. சாந்துக்கு இரண்டும் ஆகாது. ராமநாதபுரம் ஜில்லாவில் நல்ல தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்து வளர்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். குடிக்க வாங்கிய தண்ணீரில் தினம் ஒரு குடம் சாவடிக்கு என்று கீழத்தெருப் பெண்கள் முறை வைத்துக்கொண்டார்கள். யார் சொல்லியும் இல்லை. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய அந்தத் தண்ணீர் நாலாம் நாள் கள்ளுக்கடை மாதிரி மணத்தது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடின. கொத்தனார் அரைத்த சாந்தைக் கரண்டியில் அள்ளி, அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தார். விழவில்லை. "இப்பப் பூசலாம்" என்றார்.

கூரைக்குப் பனங்கை கொடுத்த பெரியப்பாவுக்கும், நாட்டு ஓட்டை நாலு ஊர் அலைந்து பொறுக்கி வந்த தம்பிகளுக்கும், வேலை முடிகிற வரை டீக்கு கணக்கு எழுதாத கடைக்காரருக்கும் நன்றி. கடைக்காரர் கணக்கு எழுதினார் என்று எனக்குத் தெரியும். பிறகு அந்தத் தாளில் மிக்சர் மடித்துக் கொடுத்துவிட்டார்.

சுவரில் மாட்டிய பலகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்குத்தான் அதிகமாகச் சண்டை நடந்தது.

எழுதிக் கொடுத்தவர் ஓய்வு பெற்ற தமிழ் ஐயா. தொண்டிப் பக்கமிருந்து உப்பூர், தேவிபட்டினம், திருப்புல்லாணி வழியாக ராமேஸ்வரம் போகிற சேது மார்க்கத்தில் நம் முக்கும் ஒரு தங்கல் என்று ஆரம்பித்தார். ராமநாதபுரம் மன்னர்களின் சேதுபதி என்ற பட்டமே சேதுவைக் காக்கிறவர் என்பதுதான். காவல்காரருக்குக் களத்தில் ஊர் தானியம் அளக்கும். களவு போனால் பொருளை மீட்டுத் தர வேண்டும், இல்லையென்றால் அவரே ஈடு கட்ட வேண்டும். இதுவரை எல்லோரும் தலையாட்டினோம். அடுத்த வரியில் துப்புக்கூலியை எழுதினார், அதாவது போன மாட்டைத் திருப்பித் தர வாங்குகிற காசு. சில சமயம் மாட்டை ஓட்டிப் போனவரும் காவல்காரரும் ஒரே ஆள் என்பதையும் எழுதினார். முகங்கள் சுருங்கின. பிறகு, 1816இல் கும்பினிச் சட்டம் ஊர்த் தலைவரான கிராம முன்சீபையும் அவருக்குக் கீழே ஊர்க் காவலாளான தலையாரியையும் போலீஸ் வேலைக்கு வைத்தது. அதற்கும் பிறகு, ஊரைக் காத்த பரம்பரைகளில் சிலரையே இரவானால் போலீஸ் ஸ்டேஷனில் வந்து படுக்கச் சொன்ன கைரேகைச் சட்டம், அதாவது குற்றப் பரம்பரைச் சட்டம். 1947இல்தான் நம் மாகாணத்தில் அது ஒழிந்தது.

"நல்ல விஷயத்த மட்டும் போடுங்கய்யா" என்று கூட்டத்தில் சொன்னவர்கள் உண்டு. ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அப்ப வேற ஆள வச்சு எழுதிக்கங்க" என்றார். பலகையில் எல்லா வரியும் இருக்கிறது. ஐயாவுக்கும், கடைசியில் விட்டுக்கொடுத்தவர்களுக்கும் சேர்த்தே நன்றி.

இந்தச் சாவடி மேல் எனக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்று கேட்டவர்களுக்கு ஒரு பதில் பாக்கி. எங்கள் அய்யா, அதாவது அப்பாவைப் பெற்றவர், இங்கே தலையாரியாக இருந்தவர். பகலில் கூட்டம், வெற்றிலை, பஞ்சாயத்து என்று எல்லோரும் பார்த்த சாவடிதான் எனக்கும் தெரியும். ராத்திரிச் சாவடி எனக்குக் காதால் மட்டும்தான் தெரியும். பெண்பிள்ளை அந்த நேரத்தில் முக்குக்கு எங்கே போவது? பாயில் படுத்தபடி கணக்கு வைத்திருப்பேன். கம்பு கல்லில் படுகிற 'டொக்'. நாய் ஒரு தடவை குரைத்து, அய்யாதான் என்று அடங்குவது. நாலு தெரு முனையிலும் "உஷாரு..." என்று ஒரு இழுப்பு, வடக்குத் தெரு முனைக் குரல் மட்டும் கடல் காற்றில் பாதி கரைந்துவிடும். அப்புறம் தண்டவாளத் துண்டில் மணி அடிப்பது. மூன்று அடித்தால் மீன்காரத் தெருவில் கதவுகள் திறக்கும். நோன்பு மாதத்தில் அந்த மூன்றுக்குப் பின்னாலேயே, நோன்பு வைக்கிறவர்களை எழுப்ப வரும் சஹர் பாவாவின் தப்ஸ் கொட்டுச் சத்தம் வரும். இரண்டு பேரும் சாவடித் திண்ணையில் உட்கார்ந்து தூக்குவாளி டீயைப் பங்கு போட்டுக்கொள்வார்களாம். அப்பத்தா சொல்லித்தான் தெரியும்.

1980இல் முன்சீபு, ஊர்க் கணக்கரான கர்ணம் ஆகிய பதவிகளை அரசு எடுத்தது. தலையாரி தப்பித்தார். ஆனால் வேலை பகல் வேலையாகிவிட்டது, கிராம நிர்வாக அலுவலருக்கு ஃபைல் தூக்குவது. "ஆபீஸு பகலுக்குத்தான். ராத்திரிக்கு எவன் ஆபீஸரு?" என்று அய்யா அதற்குப் பிறகும் ரொம்ப நாள் கம்பை எடுத்துக்கொண்டு போனார். சம்பளம் இல்லாத சுற்று அது. அவர் அரிக்கேன் விளக்கின் கைப்பிடியில் சூடு தெரியாமல் இருக்க நைலான் நரம்பு சுற்றியிருக்கும். அதைச் சுற்றிக் கொடுத்த மீனவர் வீட்டுப் பேரன்தான் இப்போது விளக்குக்குக் கண்ணாடி தேடிக் கொண்டுவந்தார். எங்கே கிடைத்தது என்று கேட்டால் சிரிக்கிறார்.

தண்டவாளத் துண்டு 1964 புயலில் தனுஷ்கோடியில் பெயர்ந்த ரயில் பாதையில் இருந்து வந்தது என்று ஊரே சொல்லும். பலகையில் அதைப் போடச் சொன்னார்கள். போடவில்லை. மண்டபத்தில் காயலான் கடையில் எடை போட்டு வாங்கியதாக அய்யா எங்கள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அதைத் திரும்பக் கட்டித் தொங்கவிடலாம் என்ற யோசனை இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் நம் தெருத் தம்பியுடையது. அவன் ஒரு வீடியோ அனுப்பினான். ரிப்பன் என்று ஒரு சின்ன ஊர். தினமும் இரவு ஒன்பது மணிக்குச் சந்தைச் சதுக்கத்தில் ஒருவர் வந்து, நடுவில் நிற்கிற தூணின் நாலு மூலையிலும் கொம்பு ஊதுகிறார், காவல் தொடங்கிவிட்டது என்று. ஆயிரம் வருஷத்துக்கு மேலான வழக்கம் என்கிறார்கள் அவர்கள். சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகைக்குப் பெயர் கொடுத்த வைஸ்ராய் அந்த ஊர்ப் பிரபுதான், அங்கே மேயராகவும் இருந்திருக்கிறார். "அக்கா, இவுங்க கொம்பு ஊதுனா நாம தண்டவாளத்த அடிக்கக் கூடாதா?" என்று குரல் செய்தியில் கேட்டான். பணமும் அனுப்பினான். தம்பி, உன் பணத்தில்தான் சங்கிலி வாங்கினோம், துருப்பிடிக்காத சங்கிலி.

முதல் நாள் ராத்திரி ஒன்பது அடித்துவிட்டு ஆண்கள் கலைந்துபோனார்கள். நாங்கள் பெண்கள் பதினோரு பேர் திண்ணையில் உட்கார்ந்துவிட்டோம். யாரும் திட்டம் போடவில்லை. புதுச் சுண்ணாம்பு வாசனை, வடகடல் காற்று, மடியில் தூங்கிப்போன பிள்ளைகள். பன்னிரண்டுக்கு லாத்தா எழுந்து தானே சுத்தியலை எடுத்தார். பன்னிரண்டு அடி எண்ணி முடிப்பதற்குள் இரண்டு தடவை தப்பவிட்டு, பதினாலு அடித்தார். வடக்குத் தெருவில் இருந்து யாரோ "மணி என்னடியாச்சு அங்க?" என்று கத்தினார்கள்.

கடைசியாக ஒரு விஷயம். இரவல் வாங்கிய மூன்று வாளி, ஒரு கயிற்றுக் கட்டு, நாலு சட்டி எல்லாம் உரியவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. பச்சைப் பெயிண்ட் அடித்த மூங்கில் ஏணி ஒன்று மட்டும் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. ஒன்பதாம் படியில் கயிறு கட்டியிருக்கிறது. யாருடையது என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். வரும்போது டீ குடித்துவிட்டுப் போகலாம்.

இப்படிக்கு,
சாவடித் தலையாரி பேத்தி